நான் வாங்கிக் கொடுத்த சோப்பு

போன வாரம் இன்டர்வெல்லில் நஸ்ரின் டீச்சர் வாயெல்லாம் பல்லாக ஸ்டாஃப் ரூமுக்குள் நுழைந்தாள். ஏழாம் வகுப்பு 'ஏ' பிரிவுக்கு அவள்தான் வகுப்பாசிரியை. வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. அதனால் சந்தோஷம் வந்தால் ஓடி வந்து சொல்கிற பழக்கம் இன்னும் அவளை விட்டுப் போகவில்லை. என்னைப் போன்ற பழம்பெருச்சாளிகள் அப்படி இல்லை. டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் சந்தோஷமோ துக்கமோ எதுவானாலும் சொல்லுவோம்.

"மிஸ், அந்த ஒடிசா பொண்ணு மேட்டர முடிச்சுட்டேன்" என்றாள்.

அந்தப் பெண்ணின் பெயர் ஸ்நிக்தா. அப்பா, அம்மா இரண்டு பேரும் ஆம்பூருக்கு வெளியே ஒரு ஷூ கம்பெனியில் வேலை செய்கிறார்கள். போன வருஷம் எங்கள் பள்ளியில் சேர்ந்தாள். தமிழ் நன்றாகவே பேசுகிறாள், அவசரத்தில் மட்டும் தடுமாறுவாள். வகுப்பில் அவளுக்கு 'பானிபூரி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவள் எழுந்து பதில் சொன்னால் பின்னாலிருந்து "ஒரு ப்ளேட்டு பார்சல்" என்று ஒரு குரல் வரும். அவள் நிறத்தைச் சொல்லி, மூக்கைச் சொல்லி, அவள் டிபன் டப்பாவைத் திறந்து பார்த்துச் சிரிப்பு. "உங்க ஊர்ல சோறு இல்லாமத்தானே இங்க வந்து எங்க வேலைய எடுத்துக்கிறீங்க" என்று ஒருத்தி கேட்டிருக்கிறாள். கேட்டவளுக்குப் பன்னிரண்டு வயசு. வீட்டில் பெரியவர்கள் பேசியதைக் காதில் வாங்கி அப்படியே கொண்டுவந்து இறக்கியிருக்கிறாள்.

நஸ்ரின் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். "ஸ்நிக்தான்னு பேரு யார் வாயிலயும் வரல மிஸ். அதான் கேலி. நான் இன்னா பண்ணேன், அவளுக்கு சிநேகான்னு பேரு வச்சுட்டேன். நம்ம பேரு மாதிரி ஆயிடுச்சு பாருங்க. இப்ப எல்லாரும் சிநேகான்னுதான் கூப்டறாங்க."

"அந்தப் பொண்ணு இன்னா சொல்லிச்சு?" என்றேன்.

"சிரிச்சுது மிஸ். சரின்னு தலையாட்டிச்சு."

எனக்குச் சுருக்கென்றது. டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். சிரித்தாள், தலையாட்டினாள், சரி என்றாள். இந்த மூன்றையும் நான் ஏற்கெனவே ஒரு முறை பார்த்திருக்கிறேன். அதைத்தான் உங்களிடம் சொல்ல உட்கார்ந்தேன். சொல்லிவிட்டால் மனசு லேசாகும் என்றெல்லாம் எனக்கு நம்பிக்கை இல்லை.

நான் ஆம்பூருக்கு வேலைக்கு வந்தபோது எனக்கு இருபத்து மூன்று வயசு. சொந்த ஊர் கலவைப் பக்கம். வேர்க்கடலை, நெல், கொஞ்சம் கரும்பு, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த உலகம். கலவையில் பஸ் ஏறி, ஆற்காட்டில் மாறி, வேலூரில் மாறி, ஒரு டிரங்குப் பெட்டியோடு ஆம்பூரில் இறங்கினேன். இறங்கியதும் முதலில் வந்து மோதியது வாசனை. அதை வாசனை என்று சொல்வதற்கே அப்போது எனக்கு மனம் வரவில்லை. ஈரத் தோலும் சுண்ணாம்பும் மரப்பட்டைச் சாறும் சாக்கடையும் ஒன்றாகக் கலந்து மூக்குக்குள் ஏறித் தொண்டையில் உட்கார்ந்துகொள்ளும். எங்கள் பள்ளிக்குப் பின்னாலேயே ஒரு தோல் ஷாப்பு இருந்தது. ஷாப்பு என்றால் ஏதோ கடை என்று நினைத்துவிடாதீர்கள், நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். பச்சைத் தோலைப் பதனிடுகிற இடத்துக்கு இங்கே தோல் ஷாப்பு என்று பேர். மேற்கிலிருந்து காற்று அடித்தால் என் கணக்குப் பாடம் அரைமணி நேரத்துக்கு நின்றுபோகும். பிள்ளைகள் யாருக்கும் எதுவும் ஆகாது. டீச்சர்தான் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஜன்னலைச் சாத்துவாள்.

நான் குடியிருந்தது ஒரு முஸ்லிம் குடும்பத்தின் மாடியறையில். வீட்டுக்கார அம்மாவை எல்லாரையும் போல நானும் ஆபா என்றுதான் கூப்பிடுவேன். அக்கா என்று அர்த்தம். நான் வந்த மூன்றாம் நாள் சாப்பிட முடியாமல் குமட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு என் கர்ச்சீப்பை வாங்கி அதில் ஒரு சொட்டு அத்தர் வைத்துக் கொடுத்தார். "பேஜார் ஆவாதே. பத்து நாளு இத மூக்குல வச்சுக்கோ. அப்புறம் உன் மூக்கே ஒண்ணும் சொல்லாது" என்றார். சொன்னபடியே பத்து நாளில் பழகிவிட்டது. ஆனால் கர்ச்சீப்பை நான் விடவில்லை. அத்தர் போட்ட கர்ச்சீப்பை மூக்கில் வைத்துக்கொண்டு வகுப்புக்குள் நடப்பதில் எனக்கு ஒரு பெரிய மனுஷித்தனம் வந்துவிட்டது. இருபத்து மூன்று வயசில் பெரிய மனுஷித்தனத்துக்கு வேறு என்ன வழி இருந்தது, சொல்லுங்கள்.

அந்த வருஷம் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது எங்கள் அம்மா வாசலிலேயே என்னை நிறுத்திவிட்டாள். "இன்னாடி இது, உம்மேல ஒரு மாதிரி அடிக்குது. மொதல்ல போய் குளி, அப்புறம் உள்ள வா" என்றாள். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு அவளிடம் சரியாகப் பேசவே இல்லை. நான் என்ன அழுக்கா? வேலை செய்து சம்பாதித்துக்கொண்டு வந்திருக்கிறேன், என்னை வாசலில் நிறுத்துகிறாளே என்று பொருமினேன். வீட்டுக் கிணற்றடியில் நின்று அழுதது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. இதை இங்கே எதற்குச் சொல்கிறேன் என்றால், அது எப்படி வலிக்கும் என்று எனக்குத் தெரியாது என்று நான் தப்பித்துக்கொள்ள முடியாது. நன்றாகவே தெரியும். அடுத்த வருஷம் நான் செய்ததை, தெரிந்துகொண்டுதான் செய்தேன்.

அடுத்த வருஷம் எனக்கு எட்டாம் வகுப்பு 'பி' கொடுத்தார்கள். முப்பத்தாறு பெண்கள். அதில் ஒருத்தி கலைவாணி. ஒல்லியாக, நெட்டையாக இருப்பாள். பென்சிலைக் கையில் எடுக்காமலே கணக்குப் போடுவாள். நான் போர்டில் கணக்கை எழுதி முடிப்பதற்குள் அவள் உதடு விடையை முணுமுணுத்திருக்கும். ஒருநாள் கூட்டு வட்டிக் கணக்கில் நானே தப்பாகப் போட்டுவிட்டுத் திரும்பினேன். எல்லாரும் அந்தத் தப்பை மும்முரமாக நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். கலைவாணி மட்டும் எழுதாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சரிடம் தப்பு என்று எப்படிச் சொல்வது என்று அவளுக்குச் சங்கடம். "சொல்லு" என்றேன். "ஒண்ணுமில்ல மிஸ், மூணாவது வரில..." என்று இழுத்தாள். அன்றைக்கு எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

அவள் அப்பாவுக்குப் பள்ளிக்குப் பின்னால் இருந்த தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் வேலை. அம்மாவும் அங்கேயே கூலி. வீடு காலனியில். காலனி என்றால் எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. அந்த ஒரு சொல்லிலேயே சாதி என்ன என்று சொல்லி முடித்துவிடுவார்கள்.

எங்கள் பள்ளியில் ஒரு பழக்கம் இருந்தது. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் பெஞ்சு மாறும். முதல் பெஞ்சுக்காரர்கள் கடைசிக்குப் போவார்கள், மற்றவர்கள் ஒவ்வொரு பெஞ்சாக முன்னுக்கு வருவார்கள். பக்கத்தில் உட்காருகிறவளும் மாறுவாள். யாரும் யாரையும் ஒதுக்கக் கூடாது என்று எப்போதோ எந்தப் புண்ணியவானோ ஏற்படுத்தியது. ஆனால் அந்த வருஷம் வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆனால் என் மேஜை முன்னால் கூட்டம் சேர ஆரம்பித்தது. "மிஸ், எனக்குக் கண்ணு தெரியல, நான் இங்கயே இருக்கறேன்." "மிஸ், எனக்கு அந்த ஃபேன் ஒத்துக்காது." கண் தெரியாதவர்களும் ஃபேன் ஒத்துக்கொள்ளாதவர்களும் யாரென்று பார்த்தால், அந்த வாரம் கலைவாணியின் பெஞ்சுக்குப் போகவேண்டியவர்கள்.

அவளுக்கு 'ஷாப்பு' என்று பேர் வைத்திருந்தார்கள். "ஷாப்பு வந்துச்சு" என்று யாராவது சொன்னால் வகுப்பில் பாதிப் பேர் கர்ச்சீப்பை எடுத்து மூக்கில் வைத்துக்கொள்வார்கள். ஆரம்பித்து வைத்தவள் ஜமுனா. ஜமுனாவின் அப்பா உப்பு வியாபாரி. பச்சைத் தோல் கெடாமல் இருக்க உப்பு வேண்டும், அதனால் ஊரிலுள்ள தோல் ஷாப்புக்கெல்லாம் அவர் லாரிதான் போகும். ஜமுனா போட்டிருந்த கொலுசு, அவள் தின்ற முறுக்கு எல்லாம் அந்தத் தோலில் வந்ததுதான். ஷாப்பு முதலாளி வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் அதே வகுப்பில் இருந்தார்கள். அவர்கள் வீடும் ஷாப்புச் சுவரை ஒட்டித்தான் இருந்தது. அவர்கள்மேல் யாருக்கும் எந்த வாசனையும் வந்ததில்லை. மூக்குக்கு எப்படி ஆளைப் பார்த்து வேலை செய்யத் தெரிகிறது பாருங்கள். ஜமுனாவும் மற்றவர்களும் வாசனை என்று சொன்னது சாதியைத்தான். எனக்கும் தெரியும், ஹெட்மிஸ்ட்ரஸுக்கும் தெரியும், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

ஒருநாள் கர்ச்சீப் விளையாட்டு நடக்கும்போது நான் உள்ளே நுழைந்துவிட்டேன். எல்லாரையும் நிற்க வைத்துக் கத்தினேன். "எங்க கத்துக்கிட்டீங்க இந்தப் பழக்கத்த? யார் சொல்லிக் குடுத்தது உங்களுக்கு?" என்றேன். முன் பெஞ்சில் நின்ற ஒரு சின்னப் பெண் என் கையைப் பார்த்தாள். என் கையில் அத்தர் போட்ட கர்ச்சீப் இருந்தது.

எனக்கு அப்போது புரியவில்லை என்று எழுதத்தான் ஆசை. புரிந்தது. கர்ச்சீப்பைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தேன். "உக்காருங்க, கணக்கு நோட்ட எடுங்க" என்றேன்.

ஹெட்மிஸ்ட்ரஸிடம் போனேன். இப்போது போலப் புகார்ப் பெட்டி, குழு, படிவம் எதுவும் கிடையாது. அவர் மேஜைதான் எல்லாம். அவர் கெட்டவர் இல்லை, ரிட்டயர் ஆக இரண்டு வருஷம் இருந்தவர். "நீ வந்து ஒரு வருஷம்தான் ஆவுதும்மா. இது ஊரு விஷயம். பசங்க வெளையாட்டுன்னு விடு, ஜாஸ்தி கிளறாதே" என்றார். பிறகு, ஜமுனாவின் அப்பா பள்ளிக்கு ஃபேன் வாங்கிக் கொடுத்தவர் என்பதையும் போகிறபோக்கில் ஞாபகப்படுத்தினார். நான் தலையை ஆட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

அன்றைக்கு ஜமுனாவைக் கூப்பிட்டுப் பேசியிருக்கலாம். அவள் அப்பாவை வரச்சொல்லியிருக்கலாம். முப்பத்தைந்து பேரையும் உட்கார வைத்து, "நீங்க செய்யறது தப்பு, நானும் செஞ்சேன், எனக்கும் தப்பு" என்று என் கர்ச்சீப்பைத் தூக்கிக் காட்டியிருக்கலாம். இதெல்லாம் இப்போது வாய்கிழியச் சொல்கிறேன். அப்போது எனக்குப் பயம். வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. கேலி செய்கிற முப்பத்தைந்து பேரைத் திருத்துவதைவிடக் கேலிக்கு ஆளான ஒருத்தியைத் திருத்துவது சுலபம் என்று என் புத்திக்குப் பட்டது. இப்படி எழுதிப் பார்க்கும்போது எவ்வளவு கேவலமாக இருக்கிறது. அன்றைக்கு அது எனக்குக் கருணை மாதிரித் தெரிந்தது.

சம்பளம் வந்ததும் கடைத்தெருவுக்குப் போய் ஒரு நல்ல சந்தன சோப்பு, ஒரு பவுடர் டப்பா, ஒரு தேங்காயெண்ணெய்ப் புட்டி வாங்கினேன். கடைக்காரர் செய்தித்தாளில் சுற்றி நூல் கட்டிக் கொடுத்தார். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் கலைவாணியை ஸ்டாஃப் ரூம் வராந்தாவுக்குக் கூப்பிட்டேன்.

"தெனம் ரெண்டு வேளை குளிக்கணும்மா" என்று ஆரம்பித்தேன். என் குரலில் தேன் ஒழுகியிருக்கும். "யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு ஷாப்பு பக்கம் போகாத, என்ன?"

"நான் ஷாப்புக்கே போறதில்ல மிஸ்" என்றாள்.

"சரி, வீட்ல அப்பா துணியோட உன் துணிய ஒண்ணா போட்டு வச்சிருப்பாங்க இல்ல? தனியா வைக்கச் சொல்லு. இந்தா, இத வச்சுக்கோ. அப்புறம் யாரும் உன்ன ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

அவள் பொட்டலத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். "சரிங்க மிஸ்" என்று தலையாட்டி வாங்கிக்கொண்டாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆபாவிடம் சொல்லிப் பெருமைப்பட்டேன். அம்மாவுக்கு இன்லன்ட் லெட்டர் எழுதினேன், இந்த மாதிரி ஏழைப் பிள்ளைக்கு உதவி செய்தேன் என்று. வீட்டுக்குப் போகிற வழியில் ஓட்டலில் எனக்கு நானே ஒரு ஸ்பெஷல் காபியும் வாங்கிக் கொடுத்துக்கொண்டேன்.

இந்த இடத்தில் நீங்கள் கேட்பீர்கள், அந்த நஸ்ரினிடம் ஏதாவது சொன்னீர்களா, இல்லை வழக்கம்போல டீயைக் குடித்துவிட்டு வந்தீர்களா என்று. சொன்னேன். மறுநாள் காலையில் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "பேர மாத்தாதம்மா. அவ பேரு அவளுக்கு. நாப்பது பேரு வாயிலயும் அந்தப் பேரு வர வரைக்கும் சொல்லக் கத்துக்குடு. கேலி பண்ணவங்கள உக்கார வச்சுக் கேளு. அவங்க அப்பா அம்மாவ வரச்சொல்லு, நான் கூட இருக்கறேன்" என்றேன். அவள் முகம் சுண்டிப்போய்விட்டது. "நான் நல்லதுதானே மிஸ் செஞ்சேன்?" என்றாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. ஆனாலும் நல்ல பெண், கேட்டாள். அன்றைக்கே வருகைப் பதிவில் ஸ்நிக்தா என்று முழுப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாளாம். அந்தக் குழந்தை எழுந்து நின்று என்ன சொல்லியது தெரியுமா? "சிநேகாவே இருக்கட்டும் மிஸ். பிரச்சினை வேணாம்." பன்னிரண்டு வயசில் எங்களுக்காக அவள் விட்டுக்கொடுக்கிறாள். இரண்டு பெற்றோர்கள் வந்துபோயிருக்கிறார்கள், ஒருவர் எங்களைத் திட்டிவிட்டுப் போனார். நஸ்ரின் விடாமல் ஸ்நிக்தா என்றே கூப்பிடுகிறாள். பிள்ளைகள் சிநேகா என்கிறார்கள். அவள் இரண்டுக்கும் திரும்பிப் பார்க்கிறாள்.

கலைவாணியின் கதைக்கு வருகிறேன். பொட்டலம் வாங்கிக்கொண்ட மறுநாள் அவள் வகுப்புக்கு வந்தபோது கழுத்துவரை பவுடர் திட்டுத்திட்டாக இருந்தது. தலையில் எண்ணெய் வழிந்தது. வராந்தாவில் நான் பொட்டலம் கொடுத்ததை யாரோ பார்த்திருக்கிறார்கள். "ஷாப்புக்கு வெள்ளையடிச்சிருக்காங்க டோய்" என்று பின்னாலிருந்து ஒரு சத்தம். நான் போர்டில் எழுதிக்கொண்டிருந்தேன். ஜமுனா எழுந்து நின்று, மிகவும் மரியாதையாக, கைகட்டிக்கொண்டு கேட்டாள்.

"மிஸ், எங்களுக்கும் சோப்பு குடுப்பீங்களா மிஸ்?"

வகுப்பே கொல்லென்று சிரித்தது. அதட்டவேண்டிய நான் என்ன செய்தேன்? "ஏய், உக்காரு" என்றேன். சொல்லும்போது நானும் சிரித்துவிட்டேன். சின்னச் சிரிப்புதான். சங்கடத்தில் வருமே, அது. கலைவாணி என் முகத்தைப் பார்த்தாள், நோட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். இருபத்தெட்டு வருஷமாக நான் என்னை மன்னிக்காதது அந்தச் சிரிப்புக்குத்தான்.

அந்த வெள்ளிக்கிழமை பெஞ்சு மாறும்போது, யாரும் சொல்லாமல் கலைவாணி பையை எடுத்துக்கொண்டு கடைசிப் பெஞ்சில் சுவரோரமாகத் தனியாகப் போய் உட்கார்ந்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை எல்லாரும் மாறினார்கள், அவள் மாறவில்லை. என் மேஜை முன்னால் கூட்டமும் நின்றுபோயிற்று. பிரச்சினை தீர்ந்தது என்று நான் நினைத்தேன். சத்தம் நின்றால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பது எங்கள் தொழிலில் எல்லாருக்கும் உண்டு. அதற்குப் பிறகு அவள் உதடு எந்தக் கணக்குக்கும் அசையவில்லை. கேட்டால் "தெரியல மிஸ்" என்பாள். அரைப் பரீட்சை எழுதினாள். லீவு முடிந்து பள்ளி திறந்தபோது வரவில்லை.

பதினைந்து நாள் ஆப்சென்ட் போட்டேன். காலனி எங்கள் பள்ளியிலிருந்து ஐந்து நிமிஷ நடை. நான் போகவில்லை. ஒரு பெண்ணை அனுப்பிக் கேட்கச் சொன்னேன். "ஷூவுக்கு மேல் தையல் போடுதாம் மிஸ், வீட்லயே. இனிமே வரலயாம்" என்று பதில் வந்தது. அப்போதெல்லாம் ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைக்க வீடுவீடாகக் கொடுப்பார்கள். பதின்மூன்று வயசு விரலுக்கு அந்த வேலை நன்றாக வரும் என்று பேசிக்கொள்வார்கள். நான் பதிவேட்டில் அவள் பேருக்கு நேரே சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்தேன்.

அவளை மறுபடி பார்த்தது இந்த ஜூன் மாதம், பள்ளி திறந்த முதல் வாரம். எங்கள் கேட்டுக்கு எதிரே காலை ஏழு மணிக்கு நின்றுகொண்டிருந்தாள். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை தொங்கியது. பக்கத்தில் யூனிஃபார்ம் போட்ட ஒரு பெண்.

"கணக்கு மிஸ்தானே நீங்க?" என்றாள். எனக்கு அடையாளம் தெரியவில்லை. "எய்ட் பி. கலைவாணி மிஸ்."

எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன். ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராம், அவள் லைனில் நாற்பது பேராம். "பீஸ் கணக்கெல்லாம் நான் மனசுலயே போட்டுடுவேன் மிஸ், எல்லாரும் அதிசயமா பாப்பாங்க" என்று சிரித்தாள். பேசும்போது என்னிடமிருந்து ஓரடி தள்ளியே நின்றாள். நான் ஒரு எட்டு முன்னால் வைத்தால் அவள் ஒரு எட்டு பின்னால் வைத்தாள். "இது எம் பொண்ணு. எட்டாவது" என்றாள்.

"எங்க படிக்குது?"

"குடியாத்தத்துல மிஸ். வேன்ல போவுது."

"அவ்ளோ தூரமா? நம்ம ஸ்கூலு இங்கதானேம்மா இருக்கு" என்று கேட்டுவிட்டேன். கேட்ட வாய்க்கு அறிவு வேண்டாமா?

அவள் பெண்ணைப் பார்த்து, "நீ போயி வேன் வருதா பாரு" என்று அனுப்பினாள். பிறகு மெதுவாகத்தான் சொன்னாள், கோபமே இல்லை.

"பசங்க சொன்னப்ப நான் நம்பல மிஸ். பொய் சொல்றாங்கன்னுதான் இருந்தேன். தெனம் காலைல கைய, சட்டைய, தலமுடிய எல்லாம் மோந்து பாப்பேன். ஒண்ணும் இருக்காது. எங்கம்மாவும் ஒண்ணும் இல்லடின்னுதான் சொல்லும். நீங்க சோப்பு குடுத்தப்பதான் மிஸ்... மிஸ்ஸே சொல்றாங்கன்னா அப்ப நெசம்தான்னு தெரிஞ்சுது."

"கலை..." என்றேன்.

"நீங்க நல்லவங்க மிஸ். நீங்க திட்டியிருந்தா கோச்சிக்கிட்டாவது வந்திருப்பேன்."

மன்னித்துவிடு என்று நடுரோட்டில் அவள் கையைப் பிடிக்கப் போனேன். "அய்யோ, இன்னா மிஸ் இது, பெரியவங்க" என்று பதறிக் கையை இழுத்துக்கொண்டாள். "இன்னிக்கும் ஷிஃப்ட் முடிச்சிட்டுப் போனா ரெண்டு வாட்டி குளிச்சாத்தான் பொண்ணத் தொடுவேன். விட முடியல மிஸ்" என்றாள். வேன் வந்துவிட்டது. பெண்ணை ஏற்றிவிட்டு, என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, எதிர்ப்பக்கம் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

பள்ளிக்குப் பின்னால் இருந்த அந்தத் தோல் ஷாப்பு இப்போது இல்லை. மூடிப் பல வருஷமாகிறது, அந்த இடத்தில் கல்யாண மண்டபம் கட்டிவிட்டார்கள். மேற்குக் காற்றில் இப்போது பந்தி சாம்பார் மணக்கிறது. உப்பு லாரிகள் வருவதில்லை. ஜமுனா கல்யாணமாகி எந்த ஊருக்கோ போய்விட்டாள். ஆபா காலமாகிவிட்டார். ஓடு போட்ட எட்டாம் வகுப்பு 'பி'யை இடித்துவிட்டு மூன்று மாடி எழுப்பியிருக்கிறோம். பெஞ்சு போய், ஆளுக்கொரு நாற்காலி வந்துவிட்டது, வெள்ளிக்கிழமை யாரும் இடம் மாறுவதில்லை. இன்றைய பிள்ளைகளிடம் இந்த ஊரில் அப்படி ஒரு வாசனை இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். காலை ஏழே காலுக்கு நான் கேட்டுக்குள் நுழையும்போது குடியாத்தம் வேன் எங்களைத் தாண்டிப் போகிறது. அதில் கலைவாணியின் மகள் இருக்கிறாள். அவர்கள் வீடு இன்னும் அதே காலனியில்தான் இருக்கிறது, எங்கள் பள்ளியிலிருந்து ஐந்து நிமிஷ நடையில்.